தங்கச்சியின் முட்டைச் சக்கரம்

என் தங்கை யோலிமாவைப் பார்த்து எனக்குப் பொறாமை என்று துயித்தாமா ஊரே பேசுகிறது. ஊருக்கு என்ன தெரியும்? பொறாமை என்றால் வந்துவிட்டுப் போகும். எனக்கு இருந்தது வயிற்றெரிச்சல். காலையில் அவள் பக்கத்து ஷட்டர் ஏறுகிற சத்தம் காதில் விழுந்தால் போதும், கையிலிருக்கும் வெல்லத் தண்ணீர் கசந்துவிடும்.

எங்கள் அப்பா லாரிக்கு பாடி கட்டியவர். அவர் போனபிறகு பட்டறை எங்கள் இரண்டு பேருக்கும் வந்தது. லாரியை விட்டுவிட்டு சைக்கிள் பாகங்கள் செய்ய ஆரம்பித்தோம். இந்த ஊரில் பால்காரன்கூட சைக்கிளில் மலை ஏறும்போது மணி பார்த்துக்கொண்டுதான் ஏறுவான், அப்படிப்பட்ட ஊர். கடையில் வாங்குவது வண்டிக்குப் பொருந்தவில்லை என்றால் எங்களிடம் வருவார்கள். கிராங்க், பல்சக்கரம், கியர் மாட்டுகிற கொக்கி, எதுவானாலும் அலுமினியக் கட்டியிலிருந்து வெட்டிக் கொடுப்போம். மிஷினில் நின்று வெட்டியது நான். வாசலில் நின்று சிரித்துப் பேசியது அவள்.

ஒருமுறை உள்ளூர் வானொலிக்காரன் வந்து அவளைப் பேட்டி எடுத்தான். அவள் அரைமணி நேரம் பேசினாள். ஒலிபரப்பானபோது ரொட்டிக்கடையில் நின்று கேட்டேன். எர்சீலியா என்ற என் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. "நான் உன்னைப் பத்திதான் அக்கா நிறைய சொன்னேன், அவன் வெட்டிட்டான்" என்றாள். வெட்டினானாம்! மறுவாரமே பட்டறை நடுவில் பலகை அடித்து இரண்டாகப் பிரித்துவிட்டேன். மில்லிங் மிஷின் என் பக்கம். அவள் எங்கிருந்தோ ஒரு பழைய மிஷினைப் பிடித்து வந்து அந்தப் பக்கம் போட்டுக்கொண்டாள். ஆறு மாதத்தில் மூடிவிடுவாள் என்று நினைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, அவள் வெட்டும் பாகத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஓரமெல்லாம் பிசிறு. என் கை அப்படியில்லை. நான் போடுகிற துளை மயிரிழை தள்ளிப் போகாது. இதை என் எதிரியும் ஒப்புக்கொள்வான்.

ஆனால் அவள் மூடவில்லை. முட்டைச் சக்கரம் போட ஆரம்பித்தாள்.

பெடல் மிதிக்கும்போது கால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழுத்துவதில்லை. முன்னால் இறங்கும்போது பலம், மேலேயும் கீழேயும் வரும்போது ஒன்றுமில்லை. அதனால் சங்கிலி ஓடுகிற பல்சக்கரத்தை வட்டமாக வெட்டாமல் முட்டை மாதிரி வெட்டி, கால் பலமாக இருக்கும் இடத்துக்கு முட்டையின் நீளப் பக்கம் வருவது போல மாட்டினால், மலையில் கொஞ்சம் லாபம். இது புதிதல்ல, வெளிநாட்டுக்காரர்கள் செய்வதுதான். யோலிமா என்ன செய்தாள் என்றால், ஓட்டுகிறவரை இரண்டு நாள் உட்காரவைத்து, மிதிக்கவைத்து, முட்டியையே பார்த்துக்கொண்டிருந்து, அப்புறம் வரைவாள். ஒருவருக்கு ஒரு சக்கரம். நான் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். "கோழிப் பண்ணை வச்சிரு, அதுலயும் முட்டை வரும்" என்று பலகைக்கு மேலாகக் கத்தினேன்.

ஜூன் மாதம் மர்யூரி அந்தச் சக்கரத்தில் மலையேறி ஜெயித்தாள்.

மர்யூரி யார் என்று சொல்ல வேண்டும். மாகாணப் பெண்கள் அணியில் ஓட்டுகிறவள். பதினான்கு வயதில் உடைந்த கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு முதன்முதலாக வந்தது என்னிடம். பத்து வருஷம் அவள் வண்டியில் ஓடியதெல்லாம் நான் வெட்டியது. போன வருஷம் எங்கேயோ விழுந்து மூன்று மாதம் கண்ணில் படவில்லை. திரும்பி வந்தபோது என் வாசலைத் தாண்டி அடுத்த வாசலில் நுழைந்தாள். என்னைப் பார்த்து "நல்லா இருக்கீங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் நுழைந்தாள். அந்த மரியாதைதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவள் ஜெயித்த மறுநாள் ஊர் யோலிமாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. ஒரு வாரம் கழித்து அணியின் பயிற்சியாளர் அர்செனியோ வந்தார், அவளிடம். பலகைக்கு இந்தப் பக்கம் மிஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"மீதி ஆறு பொண்ணுங்களுக்கும் வேணும்மா. செப்டம்பர் பந்தயத்துக்குள்ள."

"ஒவ்வொருத்தரையும் பாக்கணும் மாஸ்டர். மூணு மாசமாவது ஆகும்."

"அவ்வளவு நாளா? எனக்கு ஆகஸ்டுல கையில வேணும்."

"அவசரப்பட்டா முட்டி போயிடும் மாஸ்டர். நான் செய்ய மாட்டேன்."

எப்பேர்ப்பட்ட திமிர் பாருங்கள். வருகிற அதிர்ஷ்டத்தைக் காலால் உதைக்கிறாள். அர்செனியோ வெளியே வந்து ருவானாக் கம்பளியை இழுத்துப் போர்த்துக்கொண்டு யோசித்து நின்றார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"என்ன மாஸ்டர், குளிர்ல நிக்குறீங்க? உள்ள வாங்க."

வந்தார். தொண்டையைச் செருமினார். "நீங்க முட்டைச் சக்கரம் வெட்டுவீங்களா எர்சீலியாம்மா?"

"சங்கிலி ஓடுற எதையும் வெட்டுவேன். எட்டு நாள் போதும்."

"தங்கச்சி மூணு மாசம் சொல்லுது."

"அது முட்டியைப் பாத்து ஜோசியம் சொல்லிட்டு இருக்கும். எனக்கு மிஷின் இருக்கு."

அவர் சிரித்தார். ஆறு சக்கரம் முதலில் செய்து கொடுங்கள், சரியாக இருந்தால் அடுத்த வருஷம் முழுக்க அணிக்கு உங்கள் பாகம்தான், சட்டையின் தோளில் பட்டறை பெயரைப் போட்டுவிடுகிறோம் என்றார். தோளில்! ஏழு பெண்கள் மலை ஏறும்போது டிவி கேமரா பின்னாலிருந்து எதைக் காட்டும்? தோளைத்தான் காட்டும். அங்கே எர்சீலியா என்று இருக்கும். அதைவிட வேறெதுவும் எனக்கு அந்த வருஷம் வேண்டியிருக்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல். முட்டையின் நீளப் பக்கத்தைப் பெடலிலிருந்து எவ்வளவு திருப்பி வைப்பது என்று எனக்குத் தெரியாது. மாட்டுகிற நாலு துளையை எங்கே போடுகிறோம் என்பதில்தான் அது இருக்கிறது. யோலிமாவிடம் கேட்கலாம். பலகைக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறாள். கேட்பதற்கு என் நாக்கைக் கடித்துத் துப்பிவிடலாம்.

ஜூலை பதினாறு கார்மேல் மாதா திருநாள். டிரைவர்களுக்கெல்லாம் அவள்தான் மாதா. அன்றைக்கு லாரி, பஸ், டாக்ஸி எல்லாம் காகிதப்பூவும் பலூனும் கட்டிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டு கோவிலுக்கு வரும். சைக்கிள்காரர்களும் வருவார்கள். பாதிரியார் வாளியில் தீர்த்தத்தோடு வந்து தெளிக்கும்வரை வண்டிகளை முற்றத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு எல்லோரும் பூசைக்கு உள்ளே போய்விடுவார்கள். மாதா காவல் என்பதால் யாரும் பூட்டுவதில்லை. அந்த ஒரு நாள் பூட்டினால் மாதாவை நம்பவில்லை என்று அர்த்தம்.

நானும் உள்ளே போனேன். இரண்டாவது பாட்டு ஆரம்பித்தபோது இருமுவது போல வெளியே வந்தேன். மர்யூரியின் வண்டி நீலப் பூ கட்டி மூன்றாவதாக நின்றது. சங்கிலியை உள்பக்கம் இறக்கிவிட்டு, கையிலிருந்த பாட்டுத்தாளின் வெற்றுப் பக்கத்தைப் பல்சக்கரத்தின் மேல் வைத்து அமுக்கி, பென்சிலால் தேய்த்தேன். சில்லறைக் காசின் மேல் பேப்பர் வைத்துப் பிள்ளைகள் தேய்க்குமே, அப்படித்தான். பல்லெல்லாம் விழுந்தது, துளை நான்கும் விழுந்தது. தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய் முழங்கால் போட்டேன். மாதாவின் முகத்தைப் பார்க்கவில்லை. யோலிமா மூன்று வரிசை முன்னால் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். பாடுவதும் நன்றாகத்தான் பாடுவாள், கேட்டீர்களா?

எட்டு நாள் சொன்னேன், தாள் கையில் வந்த அன்றிலிருந்து ஏழு நாளில் முடித்தேன். முதலில் ஒரு அச்சுத் தகடு செய்தேன். அதை வைத்து ஆறும் வெட்டினேன். ஆறையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் துளைக்குள் கம்பியை விட்டால் ஒரே துளை மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஓரம் கண்ணாடி போல இருந்தது. அர்செனியோ கையில் வாங்கியபோது வாயைப் பிளந்தார்.

"யோலிமா சக்கரம் மாதிரியேதானே?"

"அச்சு அசல். பிசிறு மட்டும் இல்ல" என்றேன். அந்த வாயை அன்றைக்கு ஊசி நூலால் தைத்திருக்க வேண்டும்.

நான் சும்மா இருந்தேனா? ரொட்டிக்கடை, பஸ் நிறுத்தம், கறிக்கடை, போன இடமெல்லாம் சொன்னேன். தங்கச்சியின் அதே சக்கரம், அக்கா கை வெட்டு. இரண்டு வாரம் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

மூன்றாவது வாரம் ஒரு பெண்ணுக்கு முட்டி வலி. அடுத்த நாள் இரண்டு பேருக்கு. அப்புறம் ஆறு பேருக்கும். எல்லோருக்கும் ஒரே இடம், முட்டிக்குக் கீழே முன்பக்கம். ஒருத்தி படிக்கட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாளாம். மர்யூரி மட்டும் குதித்துக் குதித்து மலை ஏறிக்கொண்டிருந்தாள்.

எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? யோலிமா ஏதோ சூது செய்துவிட்டாள் என்பதுதான். வீட்டுக்குள் மறைத்து வைத்திருந்த பாட்டுத்தாளை எடுத்து அச்சுத் தகடை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். பல்லுக்குப் பல், துளைக்குத் துளை உட்கார்ந்தது. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக அவள் பக்கம் போய் மேஜையில் அடித்தேன்.

"என்னடி வச்ச இதுல? ஆறு பொண்ணுங்க நொண்டுதுங்க! எனக்கு வேட்டு வைக்கணும்னே வரைஞ்சியா?"

அவள் தாளைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள், அந்தப் பக்கம் மாதா பாட்டு. மறுபடி இந்தப் பக்கம். திருடி என்று கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

"அக்கா... இது மர்யூரியோடதா?"

"ஆமா. அதுக்கு என்ன இப்ப?"

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவளுக்கு வலது முட்டி முழுசா மடங்காது அக்கா. போன வருஷம் விழுந்தால்ல, உள்ள கம்பி இருக்கு. மேல வரும்போது இடிக்கும். அதுக்காகத்தான் சக்கரத்தை இவ்வளவு திருப்பி வச்சேன். வேற யாருக்காவது மாட்டினா முட்டி போயிடும். அது அவ கால் ஒண்ணுக்குத்தான்."

"மாஸ்டருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அன்னைக்கே அணியை விட்டு அனுப்பிடுவாரு. அவ சம்பளத்துலதான் வீடே ஓடுது. என்கிட்ட மட்டும்தான் சொன்னா. நீயும் கேக்கலைன்னு வச்சுக்கோ, ப்ளீஸ்க்கா."

ஆறு பெண்களின் முட்டியைக் கெடுத்துவிட்டு நிற்கிறேன். அதுதான் என் நெஞ்சில் முதலில் குத்தியிருக்க வேண்டும். குத்தியது வேறு. பத்து வருஷம் என்னிடம் வந்தவள், என் மேஜையில் சாப்பிட்டவள், அதை என்னிடம் சொல்லவில்லை. இவளிடம் சொல்லியிருக்கிறாள். இவளிடம் சொல்லலாம் என்று இவள் முகத்தில் என்னதான் எழுதியிருக்கிறதோ.

மறுநாள் காலை அர்செனியோ வந்தார். என் பக்கம் வரவில்லை. யோலிமா பக்கம் போய் ஆறு சக்கரத்தையும் சாக்கோடு தரையில் போட்டார். சத்தம் கேட்டு நானே போனேன்.

"ஊரெல்லாம் பேசுறாங்க, படம் உன்னோடதுன்னு. உங்க அக்காவே சொன்னாங்க, அச்சு அசல்னு. என் பொண்ணுங்களை இப்படிப் பண்ணிட்டியேம்மா!"

யோலிமா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஆமா மாஸ்டர். படம் என்னோடதுதான். அக்காவுக்கு நான்தான் குடுத்தேன். கணக்குல தப்பு பண்ணிட்டேன்."

எனக்கு உச்சந்தலை சூடேறியது. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மர்யூரியையும் காட்டிக்கொடுக்கவில்லை. நான் திருடியதைத் தானாகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கன்னிமாதா மாதிரி நிற்கிறாள். இந்தப் பெருமையும் இவளுக்குத்தானா? ஒன்றையாவது எனக்கு விட்டுவைக்கக் கூடாதா?

"அப்ப சரி" என்றார் அர்செனியோ. "உன் சக்கரம் எதுவும் இனிமே என் அணியில வேண்டாம். மர்யூரியோடதையும் இன்னைக்கே கழட்டிடுறேன். அவளுக்கும் நாளைக்கு வலி வராதுன்னு என்ன நிச்சயம்?"

இப்படித் திரும்பும் என்று யோலிமா யோசித்திருக்கவில்லை. வட்டச் சக்கரத்தில் மர்யூரி ஒரு நாள் மிதித்தால் போதும், முட்டி தானே கதையைச் சொல்லிவிடும். தன் படம் சரி என்று சொல்லவும் அவளால் முடியாது. சொன்னால், பிறகு ஏன் இந்த ஆறு பேருக்கு வலிக்கிறது என்று அவர் கேட்பார். அவள் பதில் தேடுவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த அறையில் பதில் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்லக்கூடிய வாய் என்னுடையது.

சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அவள் பக்கத்து ஷட்டர் ஒரு மாதத்தில் இறங்கியிருக்கும். நான் பத்து வருஷமாகக் கேட்டது கையில் வந்து உட்கார்ந்திருந்தது. ஆனால் அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளை உடைந்த கொக்கியோடு நின்றது கண்ணில் நின்றது. தவிர, இவள் நல்லவளாக நின்று அழிவதை ஊர் காலம் காலமாகப் பாடும். அதையும் என்னால் சகிக்க முடியாது.

குனிந்து சாக்கிலிருந்து ஒரு சக்கரத்தை எடுத்தேன்.

"படம் சரி மாஸ்டர். வெட்டினதுதான் தப்பு."

"என்னது?"

"இந்தத் துளையைப் பாருங்க. ஒரு பல் தள்ளிப் போயிருக்கு. சக்கரம் திரும்பி உக்காந்துடுச்சு, அதான் முட்டியில இடிக்குது. மர்யூரியோடது இவ வெட்டினது, அதுல ஒண்ணும் பிரச்சினை இல்ல."

"ஆறுமேவா தப்பாகும்?"

"ஒரே அச்சு வச்சு வெட்டினேன். அச்சு தப்புன்னா ஆறும் தப்புதான்."

அவர் சக்கரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மலையைப் படித்தவர், உலோகத்தைப் படித்தவரல்ல. "உங்க கையா எர்சீலியாம்மா?" என்றார், நம்ப முடியாமல். "உங்க கை தப்பாதுன்னுல்ல எல்லாரும் சொல்லுவாங்க."

"கண்ணு முன்ன மாதிரி இல்ல. ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு."

"இல்ல மாஸ்டர், அக்கா..." என்று யோலிமா ஆரம்பித்தாள்.

"நீ வாயை மூடு. எல்லாத்துலயும் நீதான் வந்து நிக்கணுமா?" என்றேன். அது நடிப்பில்லை.

அர்செனியோ கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். என் தோளைத் தட்டி, டாக்டரிடம் கண்ணைக் காட்டுங்கள் என்றார். பெண்கள் இரண்டு மாதம் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று வைத்தியர் சொன்னதாகவும் சொன்னார். செப்டம்பர் பந்தயம் அவர்களுக்குப் போனது போனதுதான். பிறகு யோலிமாவிடம் திரும்பி, "மர்யூரியோடது அப்படியே இருக்கட்டும். நீ சொன்ன மூணு மாசம் எடுத்துக்கம்மா. அடுத்த வருஷத்துக்குச் செய்" என்றார்.

ஒரு வாரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. எர்சீலியாவுக்குக் கண் போய்விட்டதாம், கை நடுங்குகிறதாம். பால்காரன் உடைந்த கொக்கியோடு வந்து என் வாசலில் தயங்கினான். "கோவிச்சுக்காதீங்க அக்கா, இதைத் தங்கச்சிகிட்டயே குடுத்துடவா?" என்றான். கொடு என்றேன். ஜனவரியில் அணிக்குப் புதுச் சட்டை வந்தது. தோளில் யோலிமா என்று மஞ்சள் எழுத்து. மர்யூரியின் தோளில் அது மலை ஏறிப் போவதைச் சாலையோரம் நின்று பார்த்தேன். எரிந்தது. பொய் சொல்லமாட்டேன், நன்றாகவே எரிந்தது. அவள் நொண்டாமல் ஏறினாள், அதையும் பார்த்தேன்.

அன்றைக்கு மாலை யோலிமா வந்தாள். என் பக்கத்துக்கு அவள் வந்து வருஷக்கணக்காகிறது. கையில் அந்த ஆறு சக்கரத்தில் ஒன்று. என் மிஷின் பக்கத்தில் நின்று விரலால் அதன் துளை நான்கையும் ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"அளந்து பாத்தேன்க்கா. மயிரிழைகூடத் தள்ளல. நான் வரைஞ்சது அப்படியே இருக்கு. என்னால இப்படி ஒண்ணு வெட்டவே முடியாது."

"தெரியும்டி" என்றேன்.

"எனக்கு உன் கையைப் பாத்தா சின்ன வயசுலேர்ந்தே வயிறு எரியும்" என்றாள்.

இதை அவள் ரொட்டிக்கடையில் வைத்துச் சொல்லியிருக்கலாம். வானொலியில் சொல்லியிருக்கலாம். பட்டறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. இனி ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்பப்போவதும் இல்லை.